கொட்டிய மண்

கூடை வரிசை நின்றுவிட்டது.

தெல் ஷோக் மேட்டில் அப்படி நடப்பதே இல்லை. குழிக்குள் ஆண்கள் கொத்துவார்கள். மண்வெட்டிக்காரன் கூடையை நிரப்புவான். பெண்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டின் வடக்கு ஓரம் வரை நடந்து, சரிவில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். ஒருத்தி நின்றால் பின்னால் வருபவள் இடிப்பாள், அவளுக்குப் பின்னால் வருபவள் ஏசுவாள். செருப்பு அறுந்தாலும் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும். அன்று தமாம், தலையில் கூடையோடு, குழியின் விளிம்பில் அசையாமல் நின்றாள்.

"என்னடி, கழுதை மாதிரி பாதி வழியில நின்னுட்ட?" என்றாள் பின்னால் வந்த உம் ஃபயாத். "என் கழுத்து ஒடியுது. நட."

தமாம் நடக்கவில்லை. கீழே, பழைய நகரத்தின் பெரிய மதில் மூலை திரும்பும் இடத்தில், தோண்ட வந்த வெள்ளைக்காரர் டாக்டர் தார்ன்பரி மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு ஜாடியின் வாயைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி இல்லாத ஜாடி. விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு உடைந்திருந்தது. அந்தத் துண்டை உடைத்தவள் தமாம்தான். தலை உள்ளே போகவில்லை என்று கல்லால் தட்டி உடைத்தாள்.

"வரிசை ஏன் நிக்குது?" என்று மேஸ்திரி பிஷாரா கத்தினான். குழிக்குள்ளிருந்த டாக்டரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். தமாமின் கால்கள் தாமாகவே நடக்க ஆரம்பித்தன.

டாக்டரை ஊரில் யாரும் தார்ன்பரி என்று சொன்னதில்லை. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நேரில் கவாஜா, அதாவது துரை; முதுகுக்குப் பின்னால் அபு ஜர்ரா. ஜாடியின் தகப்பன். அவருக்கு முன்னால் இந்த நாட்டைத் தோண்ட வந்தவர்கள் எழுத்து வெட்டிய கல்லையும் பொன்னையும் தேடினார்கள். உடைந்த பானையைக் கண்டால் காலால் தள்ளிவிட்டுப் போனார்கள். இவர்தான் அதைக் குனிந்து பொறுக்கியவர். பொன்னை உருக்கி வேறு ஏதாவது செய்துவிடலாம், உடைந்த பானையை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள், போட்ட இடத்திலேயே கிடக்கும், அதனால் அது பொய் சொல்லாது என்பார். எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்த்துப் பார்த்து, வேதாகமத்தில் வரும் அரசர்களுக்கெல்லாம் இந்த மேட்டில் ஓர் அடுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். முதலில் சிரித்தவர்கள் இப்போது இவரிடம் பாடம் கேட்கக் கப்பலேறி வந்தார்கள்.

பாதிரியாரின் மகன். தானும் பாதிரியாராகப் படிக்கப் போய், ஏதோ கேள்வி கேட்டுப் பாதியில் வெளியே வந்தவர் என்று பிஷாரா சொல்வான். அந்தக் கேள்வியை மண்ணிடம் கேட்கத்தான் இங்கே வந்தார் போலும். மனிதர் ஓரிடத்தில் உட்கார மாட்டார். நகங்களைக் கடித்துக் கடித்து விரல் நுனி எப்போதும் புண்ணாகவே இருக்கும். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். அரபி பேசுவார், ஆனால் ஆணும் பெண்ணும் அவர் வாயில் இடம் மாறிவிடும். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரே கேள்வி: "இதுக்கு என்ன வயசு?"

அந்தக் கேள்வி ஊரில் வேடிக்கையாகிவிட்டது. ரொட்டி காய்ந்திருந்தால் புருஷன் கேட்பான், இதுக்கு என்ன வயசு? கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முக்காட்டைப் பார்த்துக் கிழவர்கள் கேட்பார்கள், இதுக்கு என்ன வயசு?

ஜாடிக்குள் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பார்த்த டாக்டர், ஒரு சின்ன மண்டையோட்டின் வளைவைக் கண்டார். கண்டது அவர் ஒருவர்தான். உடனே மண்ணைத் திருப்பி மூடிவிட்டு, பிஷாராவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிஷாரா பெய்த் ஜாலா ஊர்க் கிறிஸ்தவன், வேதம் தெரிந்தவன். அவனுக்கு ஆங்கிலத்திலும் அரபியிலுமாகக் கொட்டினார். நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டவன் தன் தலைப்பிள்ளையைப் பலி கொடுத்தான் என்று வேதத்தில் இருக்கிறதே, இதோ அது. மதில் மூலை. அதன் அடியில் ஜாடி. அதற்குள் பச்சைப் பிள்ளை. ஜாடியின் வயதைத்தான் அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாரே.

ஜாடியின் வயது சரிதான். தவறு அங்கே இல்லை. செங்கல்லுக்கு மண் எடுக்க ஊரார் காலங்காலமாக அந்த மேட்டைத்தான் வெட்டினார்கள். வெட்டும்போது முழு ஜாடி கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பருப்பு போட்டு வைப்பார்கள். தமாம் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அவள் புருஷன் ஃபர்ஹானை சுல்தானின் படைக்குப் பிடித்து யெமனுக்கு அனுப்பினார்கள். யெமனுக்குப் போனவன் திரும்பியதாக அந்த வட்டாரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவன் போன பிறகுதான் தனக்குத் தலை சுற்றுவதன் காரணம் அவளுக்குப் புரிந்தது. வெளியில் சொல்லவில்லை. மழைக்காலம் முழுக்கப் போர்வைக்குள் ஒளித்தாள். பிள்ளை பிறந்தபோது மருத்துவச்சி மட்டும் இருந்தாள். பிள்ளை அழவில்லை.

அழாத பிள்ளைக்குப் பெயரில்லை. தொழுகையில்லை. மையவாடியில் புதைக்க இடம் கேட்டால் ஊரைக் கூட்ட வேண்டும். மருத்துவச்சி, "இது வந்ததும் இல்ல, போனதும் இல்ல, எங்கயாவது வெச்சுட்டு வா" என்றாள். தமாம் பருப்பைக் கீழே கொட்டிவிட்டு ஜாடியை எடுத்தாள். மேட்டில் ஒரு பழைய சுவரோரம் மண் மெத்தென்று இருந்த இடத்தில் தோண்டி இறக்கினாள். அப்போது எந்த வெள்ளைக்காரனும் அந்த மேட்டுக்கு வந்திருக்கவில்லை.

அன்று மதியம் ரொட்டியும் வெங்காயமும் தின்ன எல்லாரும் நிழலுக்கு ஒதுங்கினார்கள். தமாம் பிஷாராவிடம் போனாள். மகன் ஈஸாவின் பெயரால் ஊர்ப் பெண்கள் அவனை அபு ஈஸா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தனியாக உட்கார்ந்து ஆலிவ் காய்களைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அபு ஈஸா, அந்த ஜாடிய எங்க கொண்டு போவாங்க?"

"உனக்கெதுக்கு அது?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மா கேக்கிறவ வரிசைய நிறுத்த மாட்டா."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அது பழசு இல்ல."

"ஜாடிக்கு வயசு சொல்றதுல கவாஜாவ நீ மிஞ்சிட்டியா?"

"ஜாடி பழசுதான். உள்ள இருக்கிறது என்னோடது."

பிஷாரா ஆலிவ் கொட்டையைத் துப்ப மறந்தான். கன்னத்தில் அது துருத்திக்கொண்டு நின்றது. அப்படியே கேட்டான், "யாருக்கெல்லாம் தெரியும்?"

"மருத்துவச்சிக்கு. அவ செத்துட்டா."

"உன் வீட்டுக்காரன் எந்த மாசம் போனான்?"

தமாம் அவனை முறைத்தாள்.

"பாத்தியா? உனக்கு வேண்டியவன் நான். எனக்கே மாசம் எண்ணத் தோணுது. அந்தக் கூடாரத்துல உக்காந்து காபி குடிக்கிறானே எஃபெந்தி, சர்க்காரோட கண்ணு, அவன் என்னென்ன கேப்பான்னு யோசி. ஏன் மையவாடியில வெக்கல? ஏன் யாருக்கும் சொல்லல? அழலன்னு யாரு சாட்சி? செத்துப்போன மருத்துவச்சியா? ஜாடி ஏது? மேட்டுல எடுத்ததா? அதுக்கு ஒரு தண்டனை தனி. உன் புருஷன் வீட்டு ஆளுங்க கத்திய எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி சிப்பாய் வந்தான்னா உன் அதிர்ஷ்டம்."

"அப்ப அது போகட்டுங்கிறியா?"

"பெய்ரூத்துல எலும்பு படிச்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. மண்ணோட அப்படியே அவருகிட்ட போகுது. அவரு பாத்துட்டு எழுதித் தருவாரு. அப்புறம் கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க."

"எம் பிள்ளையவா?"

"மெதுவா பேசு. அது உன் பிள்ளை இல்ல. ஏதோ ராஜா காலத்துப் பிள்ளை. அப்படியே இருக்கட்டும். உனக்கு அதுதான் நல்லது."

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பாதி ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டுக் கூடையை எடுத்தாள்.

செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. டாக்டர் தந்தி கொடுத்தார். ஜெருசலேமிலிருந்து கறுப்பு அங்கிக்காரர்கள் கழுதை மேல் வந்து மதில் மூலையை எட்டிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். ரம்லா சந்தைக்குப் போன உம் ஃபயாத் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வெங்காயக்காரன் கேக்கிறான், 'பிள்ளைய சுவத்துக்குள்ள வெச்சுக் கட்டுற ஊராமே நீங்க?' ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, ஆனா வெங்காயக்காரன் பிள்ளைன்னா சுவரு நிக்காதாம்னு சொன்னேன்." எல்லாரும் சிரித்தார்கள். தமாமும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கேட்பார்கள்.

வீட்டில் எதுவும் அவள் கைக்கு அடங்கவில்லை. மாவு பிசைந்தால் தண்ணீர் அதிகமாகிவிடும். படுத்தால் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். அது மேட்டில் இருந்தவரை அவள் அதைப் பற்றி ஒரு நாளும் இப்படி நினைத்ததில்லை. அங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அது கப்பலேறிப் போகும், பெயர் தெரியாத ஒருவன் அதை மேசை மேல் பரப்புவான் என்பதுதான் பொறுக்கவில்லை. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தலைப்பிள்ளையின் பெயரோடு சேர்த்து ஒரு பெயர் உண்டு. உம் ஃபயாத், உம் தீப், உம் ஸக்கர். அவள் மட்டும் வெறும் தமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

ஓடு கழுவும் வேலைக்கு மாற்றச் சொல்லி பிஷாராவிடம் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுநாள் கழுவும் பெண்களோடு சேர்த்து அவள் பெயரைக் கூப்பிட்டான்.

ஓடு கழுவுவது ஷேக்கின் வீட்டு முற்றத்தில். டாக்டர் வாடகைக்கு எடுத்திருந்த வீடு. முற்றத்தை ஒட்டிய அறையில்தான் கிடைத்த பொருள்களையெல்லாம் வைத்திருந்தார்கள். ஜாடி மூலையில் வைக்கோல் மேல் நின்றது, வாயில் ஈரத்துணி கட்டி. தமாம் கழுவிய ஓடுகளைக் கூடையில் கொண்டுபோய் அந்த அறையில் காய வைப்பாள். ஜாடியைப் பார்க்க மாட்டாள். பார்க்காமல் எத்தனை எட்டு என்று கால் தெரிந்துகொண்டது.

ஜாடியைக் காலியாக விட முடியாது. எலும்பு இருக்கிறது என்று டாக்டர் உலகத்துக்கே சொல்லியாயிற்று. எலும்பு இல்லையென்றால் திருடன் யார் என்று எஃபெந்தி வீடு வீடாக ஏறுவான். எலும்புக்கு எலும்பு வைத்தாக வேண்டும். உம் ஃபயாத் வீட்டு ஆடு முந்தின குளிரில் ஈன்ற குட்டி ஒன்று செத்தே விழுந்தது. அதை ஊருக்கு வெளியே சாம்பல் மேட்டில் எறிந்தார்கள். நாய்கள் விட்டுவைத்தது கொஞ்சம் அங்கே கிடந்தது. அடுப்புச் சாம்பல் கொட்டப் போனபோது தமாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மண்ணோடு மண்ணாக அது எல்லா எலும்பையும் போலத்தான் இருந்தது.

வாய்ப்பை அங்கிக்காரர்களே கொடுத்தார்கள். பெரிய பாதிரியார் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். டாக்டர் அவரை மதில் மூலைக்கு அழைத்துப் போனார். எஃபெந்தி தானும் அவர்கள் எடுக்கும் புகைப்படத்தில் விழ வேண்டும் என்று கூடவே ஓடினான். முற்றத்தில் கழுவும் பெண்கள் மட்டும். அவர்களும் பெரிய பாதிரியாரின் தொப்பியைப் பார்க்க வாசலில் முண்டியடித்தார்கள்.

தமாம் அறைக்குள் போனாள். துணியை அவிழ்த்தாள். கை உள்ளே போக வேண்டிய இடம் அவளே உடைத்த இடம். மண் இறுகவில்லை. விரலில் பட்டதையெல்லாம் எடுத்தாள். அவ்வளவு கொஞ்சமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கோழியின் எலும்பைவிட மெல்லியது. தலைத்துணியில் வைத்துச் சுருட்டிக் கூடையில் போட்டு, மேலே ஜாடி மண்ணைத் தூவி, ஓட்டுத் துண்டுகள் சிலவற்றைப் பரப்பினாள். முந்தானை முடிச்சை ஜாடிக்குள் உதறினாள், மண்ணை அழுத்தினாள், துணியைக் கட்டினாள். அழவில்லை. அழ நேரமில்லை.

வாசலில் பிஷாரா நின்றான். கூடையைப் பார்த்தான். கழுவிய ஓடு உள்ளே போகும், வெளியே வராது. அது அவனுக்குத் தெரியாதா?

"இது கழிச்ச மண்ணா?" என்றான்.

"ஆமா."

"அப்ப கூடை வரிசையில போய்ச் சேரு. இங்க என்ன பராக்கு?"

அவள் மேட்டுக்கு நடந்தாள். வரிசை போய்க்கொண்டிருந்தது. உம் ஃபயாத்துக்கு முன்னால் புகுந்தாள்.

"மகாராணி திரும்பி வந்துட்டாங்க. தண்ணியில கை ஊறிப்போச்சோ?"

"ம்."

"தலைத்துணி எங்கடி? இத்தனை ஆம்பிளைங்க நடுவுல தலை தெரிய வர்ற?"

"கிழிஞ்சுது."

"நாளைக்கு மானமும் கிழியும். இந்தா, என் துண்டப் போட்டுக்கோ." நடந்துகொண்டே தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் முகத்தின் மேல் எறிந்தாள்.

சரிவு வருவதற்கு முன்னால், பாதையில், டாக்டர் பெரிய பாதிரியாரோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற கூடை ஏதாவதொன்றை நிறுத்தி மண்ணுக்குள் கையை விடுவார். குழிக்காரன் கண்ணுக்குத் தப்பிய ஓடு ஒன்று சிக்கினால் அன்று முழுக்கக் கத்துவார். விருந்தாளிக்கு வித்தை காட்ட வேண்டுமல்லவா? கையை நீட்டினார். தமாமின் கூடை நின்றது.

தமாம் குனிந்தாள். டாக்டரின் புண்ணான விரல்கள் அவள் கண்ணுக்கு நேரே வந்தன. ஓடுகளின் மேல் அலைந்தன. ஒன்றை எடுத்தன. எச்சில் தொட்டுத் துடைத்து, பெரிய பாதிரியாரிடம் கொடுத்து, "இதுக்கு என்ன வயசு?" என்று அரபியிலேயே கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிரியாருக்குப் புரியவில்லை, அவரும் சிரித்தார். டாக்டர் இன்னொரு தடவை கையை விடவில்லை. ஆனால் கூடைக்குக் கீழே இருந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"நீ அன்னைக்கு நின்னான்," என்றார்.

"வேலைய பாக்கிறோம் கவாஜா, வழி விடுங்க," என்று பின்னாலிருந்து உம் ஃபயாத் சொன்னாள்.

வடக்குச் சரிவில் தமாம் கூடையைக் கவிழ்க்கவில்லை. உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரி செய்பவள் போல, துணிச் சுருளை ஒரு பாறை இடுக்கில் இறக்கினாள். மேலே கூடையைக் கொட்டினாள். அடுத்தவள் தன் கூடையைக் கொட்டினாள். அதற்கடுத்தவள். மாலைக்குள் அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு மண் நின்றது. அவர்கள் எதையும் தோண்டுவார்கள், ஆனால் தாங்கள் தோண்டிக் கொட்டிய மண்ணைத் திரும்பத் தோண்ட மாட்டார்கள். அந்த மேட்டிலேயே கைபடாத இடம் அது ஒன்றுதான். அன்று அவள் வீட்டில் மாவு சரியாக வந்தது.

ஜாடி யாஃபா துறைமுகம் வழியாகப் பெய்ரூத் போனது. பதில் வந்த அன்று டாக்டர் குழிக்கு வரவில்லை. மறுநாள் வந்தார், யாரோடும் பேசாமல் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்றாம் தடவை சுற்றியபோது வடக்குச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வரிசையே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. தமாமைக் கை காட்டிக் கூப்பிட்டார். பிஷாரா மொழிபெயர்க்க ஓடி வந்தான்.

"பிஷாரா, நீ போய் காபி கொண்டு வா."

"காபி எஃபெந்தி கூடாரத்துலதான்—"

"அங்க போய் கொண்டு வா."

பிஷாரா தமாமைப் பார்த்துவிட்டுப் போனான்.

"பெய்ரூத் டாக்டர் எழுதினாள்," என்றார். அவசரத்தில் இலக்கணம் இன்னும் மோசமாகியிருந்தது. "ஆட்டுக்குட்டி. ஆனா நான் பாத்தேன். இந்தக் கண்ணு. மண்டை பாத்தேன். ஆடு இல்ல."

தமாம் கூடையை இறக்கவில்லை. அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு அனுப்பினாள்." உள்ளங்கையைத் திறந்தார். ஒரு நீலக் கண்ணாடி மணி. கண்ணேறுக்குக் கட்டுவது. செத்த பிள்ளைக்குக் கண்ணேறு எதற்கு என்று மருத்துவச்சி திட்டத் திட்டத்தான் தமாம் அதைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினாள். அவசரத்தில் ஜாடியின் அடியிலேயே விட்டுவிட்டாள்.

இன்றைக்கும் ஹெப்ரோனில் ஊதிச் செய்கிற கண்ணாடி. பக்கத்தில் தண்ணீர்த் தோல்பையோடு நின்ற கழுதையின் நெற்றியில் அதே மணி தொங்கியது. டாக்டர் கழுதையைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். பிறகு கொட்டிக் குவித்த மண்ணைப் பார்த்தார். ஓடு படிக்கிறவனுக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?  கேட்டால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் யாரும் கேட்காததால்தான் அது உள்ளே இருந்தது.

"எல்லாத்துக்கும் நான் ஒரு கேள்வி கேக்கும். தெரியும் இல்ல?"

"ஊருக்கே தெரியும், கவாஜா."

"இதுக்கு கேக்கல."

மணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். இரக்கம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு அவர் விரல்களைப் பார்த்தாள். ஒரு நகத்தின் ஓரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கேட்டால், உலகத்துக்கு அவர் சொன்ன கதையும் சேர்ந்து இடியும். வீட்டுச் சுவரில் வெடிப்பைக் கண்டவன் கட்டிலை வேறு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி அவர் நடந்து போனார். அவளும் அதையேதான் செய்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அதற்கு அன்பு தேவையில்லை, பயம் போதும்.

காபியோடு வந்த பிஷாரா அதைத் தானே குடித்தான்.

அடுத்த வருடம் டாக்டர் எழுதியது புத்தகமாக வந்தது. பிஷாரா அதைப் படித்துவிட்டு மேட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தமாமுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பிள்ளைக்குப் பதிலா ஆட்டுக்குட்டிய வெச்சாங்களாம். இப்ராஹீம் தன் மகனுக்குப் பதிலா ஆட்ட அறுத்த மாதிரி. மனுஷன் இரக்கத்தைக் கத்துக்கிட்டதுக்கு இந்த ஜாடிதான் முதல் சாட்சியாம்."

"அப்படியா எழுதியிருக்கு?"

"நீ ஒரு கூடையில செஞ்சத அவரு ஒரு புஸ்தகத்துல செஞ்சிட்டாரு. கோயில்ல எல்லாம் இதத்தான் பேசுறாங்களாம்."

தமாம் சிரிக்கவில்லை. "அவரு பாத்தத எழுதலயா?"

"எதப் பாத்தாரு?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு நடந்தாள்.

அந்தப் புத்தகம் டாக்டரை எங்கோ உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. மற்ற மேடுகளில் தோண்டியவர்களும் மதில் மூலைகளைக் கிளற ஆரம்பித்தார்கள். தேடியவர்களுக்குக் கிடைத்தது, சில இடத்தில் குட்டி, சில இடத்தில் பிள்ளை. எந்த ஊரில்தான் பிள்ளைகள் சாகவில்லை? ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் புத்தகத்தில் ஒரு காரணம் இருந்தது. அவர் மட்டும் அதன்பிறகு எந்த மூலையையும் தோண்டவில்லை. மூலை வந்தால் குழியைத் திருப்பச் சொல்வார். ஏன் என்று மாணவர்கள் கேட்டால் ஓடுகளைக் கவனி என்று எரிந்து விழுவார். பிறகு ஒரு வருடம் அவர் வரவில்லை. போர் வந்தது. சுல்தானின் ஆட்கள் போனார்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள். டாக்டரை ஜெருசலேமில் புதைத்திருப்பதாகவும், கல்லறைக் கல்லில் ஒரு ஜாடி செதுக்கியிருப்பதாகவும் பிஷாரா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். யெமனிலிருந்து ஒருவரும் வரவில்லை.

தமாம் நீல மணியை வடக்குச் சரிவில், பாறைக்கு நேர் மேலே, விரலால் குழி பறித்து வைத்திருந்தாள். எப்போதாவது விறகு பொறுக்கப் போனால் அந்தப் பக்கம் நடப்பாள். நிற்க மாட்டாள். நின்றால் யாராவது பார்ப்பார்கள். கொட்டிய மண்ணில் முள்செடி வளர்ந்துவிட்டது. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வெயில் காலத்தில் மேட்டில் மறுபடியும் கூடாரம் முளைத்தது. டாக்டரின் கடைசி மாணவன், ஆஷ்லி என்று பெயர், இளைஞன். அவன் அரபியில் ஆணும் பெண்ணும் சரியாக இருந்தன. நகங்கள் முழுசாக இருந்தன. கொண்டு வந்தவை மண்வெட்டிகள் இல்லை, சல்லடைகள். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உம் ஃபயாத் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியாடி கூத்த? இந்தத் தடவ தோண்டலயாம்."

"பின்ன?"

"அந்தக் காலத்துல நாம கொட்டினோமே, வடக்குப் பக்கம், அந்த மண்ணைச் சலிக்கிறாங்களாம். அபு ஜர்ரா பெரிய ஆளுதானாம், ஆனா அவசரக்காரராம். சின்னச் சின்ன சாமானெல்லாம் கூடையோட போயிருச்சாம். இவரு ஒரு பிடி மண் விடாம சலிப்பாராம். நம்ம முதுகு ஒடிஞ்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போச்சு பாரு. கொண்டு போய்க் கொட்டு, திருப்பிக் கொண்டு வா."

தமாமின் காதில் கடைசிப் பேச்சு விழவில்லை. எழுந்துவிட்டாள். முழங்கால் வலித்தது. வரிசையில் நின்ற பெண்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"பெரியம்மா, வரிசையில வாங்க," என்றான் ஆஷ்லி. "இது இளவயசுக்காரங்க வேலை. மண்ணு கனம்."

"இந்த மண்ணோட கனம் எனக்குத் தெரியும். கொட்டினவ நான்."

அவன் முகம் மலர்ந்தது. குருவின் காலத்து ஆள். "நீங்க அவரோட வேலை பாத்தீங்களா? அப்படின்னா எந்தப் பக்கம் எந்தக் குழியோட மண்ணுன்னு தெரியுமா? மதில் மூலை மண்ணு எங்க கொட்டினீங்க? எனக்கு முதல்ல அதுதான் வேணும்."

தமாம் வடக்குச் சரிவைப் பார்த்தாள். முள்செடி காற்றில் ஆடியது. பிறகு கிழக்குப் பக்கம், மேடு உயரமாக எழும்பி நின்ற, சலித்து முடிக்கப் பல வருடம் பிடிக்கும் இடத்தைக் கை காட்டினாள்.

"அங்க."

அவன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு கிழக்கே ஓடினான். சல்லடைகள் அவன் பின்னால் போயின. உம் ஃபயாத் வாயைத் திறந்தாள். கிழக்கே யாரும் மண் கொட்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும். தமாமைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

தமாம் குவியலிலிருந்து ஒரு கூடையை எடுத்து அடியைத் தட்டிப் பார்த்தாள். பிள்ளைக்கு வேறு இடம் தேட வேண்டும். யாரும் எதற்காகவும் தோண்டாத இடம். அப்படி ஒன்று இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வடக்கே நடந்தாள்.